கோவையில் வென்ற பட்டம்: சென்னை சிட்டி கால்பந்துக் கழகத்தின் 2018–19 பருவம்

2018–19 ஐ-லீக் என்பது இந்தியாவின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான ஐ-லீகின் 12ஆவது பருவம் ஆகும். 11 அணிகள் பங்கேற்ற இப்பருவம் 2018 அக்டோபர் 26 அன்று கோயம்புத்தூர் ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கில் தொடங்கியது. பட்டத்தை முடிவு செய்த ஆட்டமும் 2019 மார்ச் 9 அன்று அதே அரங்கில்தான் நடந்தது. கோவையைச் சொந்தக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி கால்பந்துக் கழகம் 43 புள்ளிகளுடன் வாகை சூடியது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி குறைவாக, 42 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓர் அணி ஐ-லீக் பட்டத்தை வென்றது இதுவே முதல் முறை.

பட்டம் வென்ற மூன்றாவது ஆண்டுக்குள் இந்த அணி ஐ-லீகிலிருந்தே மறைந்துவிட்டது. கடைசி நாளில் அதனிடம் தோற்ற அணியின் வழிவந்த கழகமும், ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்த கழகமும் பின்னர் நாட்டின் மேல்நிலைத் தொடரில் இடம் பிடித்தன. எனவே இப்பருவத்தின் வரலாற்றை ஆட்ட முடிவுகளை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள இயலாது.

லீக் முறை

கொங்குப் பகுதியில் பொங்கலை ஒட்டியும் கோயில் நோன்பியை ஒட்டியும் நடக்கும் கபடி, வாலிபால் போட்டிகள் பெரும்பாலும் தோற்றால் வெளியேறும் முறையில் நடப்பவை. அந்தியூர், பவானி, கோபி பக்கத்து ஊர்களில் ‘மேட்ச்’ என்றால் ஒரே இரவில் முடிந்து, விடியற்காலையில் கோப்பை கைமாறும் நிகழ்ச்சி என்றே பலரும் எண்ணுவர். லீக் அப்படிப்பட்டதன்று. ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் சொந்த ஊரில் ஒரு முறையும் எதிரணியின் ஊரில் ஒரு முறையும் ஆட வேண்டும். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி, தோல்விக்கு எதுவும் இல்லை. பருவ இறுதியில் கூட்டுத்தொகை அதிகம் உள்ள அணி வாகை சூடும். இறுதி ஆட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரே நாள் தேர்வு எழுதித் தேறுவதற்கும், ஆண்டு முழுவதும் நடக்கும் எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்ணையும் கூட்டித் தேறுவதற்கும் உள்ள வேறுபாடு இது. 11 அணிகள் என்பதால் ஓர் அணிக்கு 20 ஆட்டங்கள். ஆட்டத் திட்டத்தில் மொத்தம் 110 ஆட்டங்கள்.

சமநிலைப் புள்ளியில் இரண்டு அணிகள் முடிந்தால், அவ்விரண்டும் தமக்குள் மோதிய ஆட்டங்களின் முடிவே முதலில் பார்க்கப்படும். இந்த விதி மார்ச் 9 அன்று எவ்வளவு தேவைப்பட்டது என்பது பின்னர் விளங்கும்.

சென்னை அணி கோவைக்கு வந்த கதை

கோவைக்குக் கால்பந்து புதிதன்று. வ.உ.சி. பூங்காவுக்கு அருகிலுள்ள நேரு விளையாட்டரங்கு அமைந்த இந்நகரில்தான் 1978ஆம் ஆண்டின் பெடரேஷன் கோப்பை நடைபெற்றது. அதன் இரண்டாவது பதிப்பான அத்தொடரில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கோப்பையைக் கூட்டாகப் பகிர்ந்துகொண்டன. அதற்குப் பிறகு கொல்கத்தாவின் பெரிய அணிகளைக் கோவை மக்கள் ஆண்டுதோறும் தம் ஊரிலேயே காணும் வாய்ப்பு நெடுங்காலம் அமையவில்லை. தமிழ்நாட்டிலிருந்து இந்தியன் வங்கி அணி, 1996இல் தொடங்கிய தேசிய கால்பந்து லீகில் சில ஆண்டுகள் ஆடியது. 2007இல் அத்தொடர் ஐ-லீக் என்று பெயர் மாறிய பிறகு, அதன் முதல் பிரிவில் தமிழ்நாட்டு அணி எதுவும் பத்தாண்டுகள் வரை இல்லை.

1946ஆம் ஆண்டைத் தன் தொடக்க ஆண்டாகக் கூறும் சென்னை சிட்டி கழகம், 2016–17 பருவத்தில் நேரடி நுழைவு முறையில் ஐ-லீகில் சேர்க்கப்பட்டது. அதே முறையில் அந்த ஆண்டு உள்ளே வந்த மற்றோர் அணி பஞ்சாபின் மினர்வா. இந்த இரண்டு பெயர்களையும் வாசகர்கள் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் பருவத்தில் சென்னையில் ஆடிய அணி, அடுத்த பருவத்தில் கோவைக்கு இடம்பெயர்ந்தது. காரணம் எளியது. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் என்னும் மற்றொரு தொடரில் சென்னையின் எஃப்.சி. என்ற அணி சென்னை ஜவகர்லால் நேரு அரங்கில் ஆடிவந்தது. 2017–18 முதல் இரண்டு தொடர்களும் ஒரே மாதங்களில் நடத்தப்பட்டதால், ஒரே அரங்கில் இரண்டு அணிகளுக்கும் இடம் போதவில்லை. இவ்வாறு பெயரில் சென்னையும் களத்தில் கோவையுமாக ஓர் அணி உருவாயிற்று. பெயர்ப்பொருத்தம் இல்லை என்று கோவைக்காரர்கள் முணுமுணுத்திருந்தால் அதில் வியப்பில்லை.

கோவையில் ஆடிய முதல் பருவமான 2017–18இல் அணி 10 அணிகளில் எட்டாம் இடமே பெற்றது. ஆயினும் 2018 ஜனவரியில் கொல்கத்தாவில் மோகன் பகானை 2–1 என வென்றது. அந்தத் தோல்விக்குப் பின் மோகன் பகான் பயிற்சியாளர் சஞ்சய் சென் பதவி விலகினார். ஆனால் எட்டாம் இடத்து அணி அடுத்த ஆண்டே பட்டம் வெல்லும் என்று எவரும் கணித்ததாகத் தெரியவில்லை.

அணியின் அமைப்பு

மாற்றத்தைக் கொண்டுவந்தவர் சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ். சிங்கப்பூரின் டாம்பைன்ஸ் ரோவர்ஸ் அணிக்குப் பயிற்சி அளித்த அனுபவம் அவருக்கு இருந்தது. பந்தை நீளமாக உதைத்து முன்னே அனுப்பிவிட்டு ஓடுவது அப்போது பல ஐ-லீக் அணிகளின் பழக்கம். அவரோ குறுகிய கைமாற்றங்களால் பந்தைத் தம் அணியிடமே வைத்திருக்கும் ஆட்டத்தை வலியுறுத்தினார். அதற்கு ஏற்ற அயல்நாட்டு வீரர்கள் ஸ்பெயினிலிருந்து வரவழைக்கப்பட்டனர். முன்கள வீரர் பெத்ரோ மான்சி, நடுக்களத்தில் நெஸ்தர் கோர்தியோ, சாந்த்ரோ ரோட்ரிகஸ், தடுப்பாட்டத்தில் ரோபர்த்தோ எஸ்லாவா, கோல்காப்பாளர் நௌசெத் சந்தானா ஆகியோர் அவர்கள். ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளில் ஆடிய இவர்கள் அந்நாட்டில் பெரும்புகழ் பெற்றவர்கள் அல்லர். பெயர் பெற்ற, ஓய்வை நெருங்கும் வீரர்களுக்குப் பெருந்தொகை கொடுத்து வரவழைப்பது அன்றைய இந்தியக் கால்பந்தில் வழக்கமாக இருந்தது. அதற்கு மாறான இத்தெரிவு, செலவிலும் சிக்கனம், பலனிலும் மிகுதி.

இந்திய வீரர்களுள் எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் முதலிய தமிழ்நாட்டு வீரர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். பக்கவாட்டில் விரைந்தோடும் ரொமாரியோவும், நடுக்களத்திலும் வலப்புறத் தடுப்பிலும் ஆடவல்ல எட்வினும் அணிக்கு இன்றியமையாதவர்களாக இருந்தனர். தடுப்பாட்டத்தில் மஷூர் ஷெரீஃப், கௌரவ் போரா ஆகியோர் இருந்தனர். போராவின் பெயரைப் பருவத்தின் கடைசி நாள் வரை பலர் கவனிக்கவில்லை.

பருவத்தின் போக்கு

தொடக்க ஆட்டத்தில் இந்தியன் ஆரோஸ் என்ற இளையோர் அணியைச் சென்னை சிட்டி 4–1 என வென்றது. மான்சி மூன்று கோல்கள் அடித்தார். இளையோர் அணிக்கு எதிரான வெற்றி என்று அதனை ஒதுக்கிவிட இடமிருந்தது. ஆனால் நவம்பர் 13 அன்று கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலை 2–1 என வென்றபோது நிலைமை மாறிற்று. ஜனவரியில் கோவையில் நடந்த மறு ஆட்டத்திலும் அதே 2–1 கணக்கில் சென்னை சிட்டி வென்றது. பட்டத்துக்குப் போட்டியிட்ட முதன்மை எதிரணியை இரு முறையும் வென்றதே இப்பருவத்தின் உண்மையான அடித்தளம் எனலாம்.

ஈஸ்ட் பெங்காலுக்கு இப்பருவம் சாதாரணமானதன்று. அதன் கடைசி தேசியப் பட்டம் 2003–04இல் தேசிய கால்பந்து லீகில் வென்றது. ஐ-லீக் ஆன பின் ஒருமுறை கூட வெல்லவில்லை. கழகத்தின் நூற்றாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்பெயினைச் சேர்ந்த அலெஹாந்த்ரோ மெனெண்டஸ் பயிற்சியாளராக வந்திருந்தார். ஆக, பட்டத்துக்கான போட்டியின் இரு முனைகளிலும் ஸ்பெயின் ஆட்டமுறையின் சாயல் இருந்தது.

ஐ-லீகில் ஆட்டத்தைவிடப் பயணமே கடினம் என்று சொல்வதுண்டு. கோவையிலிருந்து ஸ்ரீநகர், ஐஸ்வால், இம்பால், ஷில்லாங், பஞ்ச்குலா, கொல்கத்தா, கோவா என்று அணி போய்வர வேண்டியிருந்தது. மலைமேல் உள்ள ஐஸ்வாலிலும், குளிர்காலத்து ஸ்ரீநகரிலும் களம் செயற்கைப் புல். கோவையில் இயற்கைப் புல். தரை மாறினால் பந்தின் வேகமும் எழும்பும் உயரமும் மாறும். குறுகிய கைமாற்றத்தை நம்பும் அணிக்கு இது பெருஞ்சோதனை.

அருகில் இருந்தது கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா அணி மட்டுமே. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சில மணி நேரப் பயணம்.

பருவத்துக்கு நடுவே தொலைக்காட்சி நிறுவனம் மீதமிருந்த ஆட்டங்களில் ஒரு பகுதியை மட்டுமே ஒளிபரப்புவது என்று முடிவெடுத்தது. பட்டப் போட்டி சூடுபிடித்த நேரத்தில் எடுக்கப்பட்ட இம்முடிவை ஐ-லீக் கழகங்கள் கண்டித்தன. நாட்டின் கால்பந்தில் ஐ-லீக் எந்த இடத்தை நோக்கித் தள்ளப்படுகிறது என்பதற்கு அது முன்னறிவிப்பாக அமைந்தது.

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமா தாக்குதல் நிகழ்ந்தது. பிப்ரவரி 18 அன்று ஸ்ரீநகரில் ரியல் காஷ்மீரோடு ஆடவேண்டிய மினர்வா பாதுகாப்புக் காரணம் கூறிச் செல்லவில்லை. ஈஸ்ட் பெங்கால் அங்கு ஆடவேண்டிய ஆட்டம் தில்லிக்கு மாற்றப்பட்டது. அந்த ஆண்டுதான் முதன்முதலாக ஐ-லீகில் நுழைந்து, கடைசி வாரங்கள் வரை பட்டப் போட்டியிலும் இருந்த ரியல் காஷ்மீர் இறுதியில் மூன்றாம் இடத்தில் முடிந்தது. அதன் கதை தனியே எழுதத்தக்கது.

மார்ச் 1 அன்று கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் சென்னை சிட்டி 2–3 எனத் தோற்றது. வென்றிருந்தால் அன்றே பட்டம் கைக்கு எட்டியிருக்கும். சர்ச்சிலின் வில்லிஸ் பிளாசாவும் மான்சியும் தலா 21 கோல்களுடன் பருவத்தின் அதிக கோல் அடித்தோர் பட்டியலில் இணைந்து முதலிடம் பெற்றனர் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். இரண்டு நாள் கழித்து ஈஸ்ட் பெங்கால் மினர்வாவை வென்றது. கடைசி ஆட்டத்துக்கு முன் சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள், ஈஸ்ட் பெங்காலுக்கு 39.

2019 மார்ச் 9

கடைசி நாளில் இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. கோவையில் சென்னை சிட்டியும் முந்தைய ஆண்டின் வாகையரான மினர்வா பஞ்சாபும். மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் கோகுலமும் ஈஸ்ட் பெங்காலும். ஒருவர் ஆட்டத்தின் முடிவைப் பார்த்து மற்றவர் ஆடிவிடக் கூடாது என்பதற்காகவே உலகெங்கும் லீக் தொடர்களில் கடைசிச் சுற்று இவ்வாறு நடத்தப்படுகிறது.

கோவை அரங்கில் ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். இடைவேளை வரை சென்னை சிட்டியால் அதைச் சமன் செய்ய முடியவில்லை. அதேநேரம் கோழிக்கோட்டில் யாரும் கோல் அடிக்கவில்லை. அந்த நிலையில் கணக்குப் பார்த்தால் இரு அணிகளுக்கும் 40 புள்ளிகள். நேருக்கு நேர் மோதிய இரு ஆட்டங்களிலும் வென்றிருந்ததால் பட்டம் சென்னை சிட்டிக்கே. ஆனால் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோல் அடித்துவிட்டால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். நவம்பரிலும் ஜனவரியிலும் பெற்ற இரண்டு வெற்றிகள் அந்த ஒரு மணி நேரம் அணியைத் தாங்கிப் பிடித்தன.

56ஆவது நிமிடத்தில் மான்சி பெனால்டி வழியாகச் சமன் செய்தார். 69ஆவது நிமிடத்தில் கௌரவ் போரா இரண்டாவது கோலை அடித்தார். ஏறத்தாழ அதே கணத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தின் மார்கஸ் ஜோசப் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகக் கோல் அடித்தார். இனிக் கவலை இல்லை என்று தோன்றிய நேரம் அது. ஆனால் ஈஸ்ட் பெங்கால் விட்டுக்கொடுக்கவில்லை. 79ஆவது நிமிடத்தில் ஹைமே சாந்தோஸ் பெனால்டியில் சமன் செய்தார். 85ஆவது நிமிடத்தில் லால்டன்மாவியா ரால்டே வெற்றிக் கோலை அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளிகளுக்கு வந்துவிட்டது.

இப்போது கோவையில் மினர்வா ஒரு கோல் அடித்தால் போதும். ஆட்டம் 2–2 ஆகி, சென்னை சிட்டி 41 புள்ளிகளில் நின்று, பட்டம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். ஐந்து மாத உழைப்பு, ஐஸ்வால் முதல் ஸ்ரீநகர் வரை அலைந்த அலைச்சல் எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் தொங்கிக்கொண்டிருந்தன. கூடுதல் நேரத்தில் போரா மீண்டும் ஒரு கோல் அடித்தார். 3–1. கோல் அடிப்பதைத் தொழிலாகக் கொண்ட மான்சி அல்லாமல், கோலைத் தடுப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் இரண்டு கோல்கள் அடித்துப் பட்டத்தை உறுதி செய்தார்.

மொத்தக் கணக்கு: 20 ஆட்டங்கள், 13 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி, அடித்தவை 48, வாங்கியவை 28. வாங்கிய கோல்களில் ஈஸ்ட் பெங்கால் இதைவிடச் சிக்கனமாக இருந்தது. சென்னை சிட்டி தடுத்து வென்ற அணியன்று, அடித்து வென்ற அணி.

2017இல் ஐஸ்வால், 2018இல் மினர்வா, 2019இல் சென்னை சிட்டி என்று தொடர்ச்சியாக மூன்று ஆண்டுகள், கொல்கத்தா, கோவா, பெங்களூரு ஆகிய வழக்கமான மையங்களுக்கு வெளியேயிருந்து புதிய வாகையர் எழுந்தனர். அதே மே மாதத்தில் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீகை வென்றது. ஆண்கள் ஐ-லீக், மகளிர் லீக் இரண்டுமே ஓராண்டில் தமிழ்நாட்டுக்கு வந்தன. தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் கிரிக்கெட் விட்டுவைத்த இடத்தில்தான் இச்செய்திகள் வெளியாயின.

பாசெல் தொடர்பு

2019இன் தொடக்கத்தில், பட்டம் இன்னும் முடிவாகாத நிலையில், சுவிட்சர்லாந்தின் பாசெல் கால்பந்துக் கழகம் சென்னை சிட்டியில் 26 விழுக்காடு பங்கு வாங்குவதாக அறிவித்தது. 1893இல் நிறுவப்பட்ட பாசெல், 2010 முதல் 2017 வரை தொடர்ந்து எட்டு முறை சுவிஸ் லீகை வென்ற அணி. எகிப்தின் முகமது சாலா ஐரோப்பாவில் முதலில் ஆடியது அங்கேதான். இவான் ராகிடிச், ஷெர்தான் ஷாச்சிரி, கிரானித் ஷாக்கா ஆகியோர் அக்கழகத்தில் வளர்ந்தவர்கள். இளம் வீரர்களைக் கண்டெடுத்து, வளர்த்து, பெரிய நாடுகளின் கழகங்களுக்கு விற்பது அதன் வருவாய் முறை. கோவையைப் பார்த்ததும் அந்தக் கண்ணால்தான்.

இவ்விரு ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. சுவிட்சர்லாந்தின் மக்கள்தொகை அப்போது சுமார் 85 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி கோவை, திருப்பூர், ஈரோடு ஆகிய மூன்று மாவட்டங்களின் மக்கள்தொகை ஏறத்தாழ 82 லட்சம். அதாவது அந்த நாடும் இந்த மூன்று மாவட்டங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. அங்கே மேல்நிலைப் பிரிவில் மட்டும் அப்போது 10 கழகங்கள். ஒவ்வொன்றும் மற்றவற்றோடு நான்கு முறை மோதி, 36 ஆட்டங்கள். பாசெலிலிருந்து தலைநகர் பெர்னுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். ஆட்டம் முடிந்த இரவே வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

அதே 2018–19 பருவத்தில் சுவிஸ் லீகை பெர்ன் நகரின் யங் பாய்ஸ் 91 புள்ளிகளுடன் வென்றது. இரண்டாம் இடத்துப் பாசெலுக்கு 71 புள்ளிகளே. இடையில் ஓர் ஆட்டத்தில் பாசெல் 1–7 எனத் தோற்றதும் உண்டு. கோவையில் கடைசி நிமிடம் வரை இழுத்த பட்டம், அங்கே பல சுற்றுகள் மீதமிருக்கும்போதே முடிவாகிவிட்டது. சுவிஸ் கோப்பையை வென்று பாசெல் ஓரளவு ஆறுதல் தேடிக்கொண்டது.

ஆனால் அந்த லீகின் சுவையான பகுதி பட்டியலின் அடியில் இருந்தது. 27 முறை வாகை சூடிய சூரிக் நகரின் கிராஸ்ஹாப்பர் கழகம் கடைசி இடத்தில் முடிந்து, 1951க்குப் பிறகு முதல் முறையாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதன் இடத்துக்கு ஜெனீவாவின் செர்வெத் ஏறியது. ஒன்பதாம் இடத்து நொயசாத்தெல் சமாக்ஸ், இரண்டாம் பிரிவின் ஆராவ் அணியோடு தகுதிச் சுற்று ஆடியது. சொந்தக் களத்தில் 0–4 எனத் தோற்று, மறு ஆட்டத்தில் 4–0 என வென்று, பெனால்டி உதைகளில் பிழைத்தது. எவ்வளவு பெரிய பெயரானாலும் தோற்றால் இறங்க வேண்டும், எவ்வளவு சிறிய ஊரானாலும் வென்றால் ஏறலாம். சுவிட்சர்லாந்தில் அந்த ஏணி இருந்தது. 2019இல் இந்தியாவில் ஐ-லீக் வாகையருக்கு அது இல்லை.

பட்டத்துக்குப் பின்

பருவம் முடிந்ததும் புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பை நடந்தது. இரு லீகுகளின் அணிகளும் மோதும் தொடர் அது. தங்கள் எதிர்காலம் குறித்து விளக்கம் கிடைக்கவில்லை என்று பல ஐ-லீக் கழகங்கள் அதிலிருந்து விலகின. சென்னை சிட்டி ஆடியது. அவ்வாண்டின் இந்தியன் சூப்பர் லீக் வாகையரான பெங்களூருவைக் கால் இறுதியில் 2–1 என வென்றது. அரையிறுதியில் கோவாவிடம் 0–3 எனத் தோற்றது. ‘ஐ-லீக் அணிகள் தரம் குறைந்தவை’ என்ற பேச்சுக்குக் களத்தில் கிடைத்த பதில் அந்தக் கால் இறுதி. சென்னையின் எஃப்.சி. அந்தப் பருவத்தில் தன் லீகில் கடைசி இடத்தில் முடிந்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

ஆனால் முடிவுகள் களத்துக்கு வெளியே எடுக்கப்பட்டன. 2010இல் இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்துக்கு அளித்திருந்தது. அதன் வழியே பிறந்தது இந்தியன் சூப்பர் லீக். அதில் இடம் பெற அப்போது ஆண்டுதோறும் உரிமைத்தொகை கட்ட வேண்டியிருந்தது. வெற்றியால் உள்ளே போக அப்போது வழியிருக்கவில்லை. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புக்கொண்ட வழித்திட்டத்தின்படி, அந்தத் தொடரே நாட்டின் முதல் நிலை லீக் ஆயிற்று. ஐ-லீக் வாகையர் உரிமைத்தொகை இன்றி மேலே ஏறும் முறை 2022–23 பருவத்திலிருந்துதான் என்று வகுக்கப்பட்டது. சென்னை சிட்டி வென்றது அதற்கு நான்கு பருவங்கள் முன்னதாக. பிறகு 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்ற கோகுலத்துக்கும் கதவு திறக்கவில்லை.

பட்டத்தின் பயனாக 2020 ஜனவரியில் சென்னை சிட்டி ஆசிய சாம்பியன்ஸ் லீகின் முதற்கட்டத் தகுதி ஆட்டத்தில் பஹ்ரைனின் ரிஃபா அணியைச் சந்தித்தது. அகமதாபாத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் 0–1 எனத் தோற்றது. அதற்குள் வெற்றி அணி கலையத் தொடங்கியிருந்தது. நெஸ்தர் ஐதராபாத் அணிக்குப் போனார். மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாதா அணியில் சேர்ந்தார். பெருந்தொற்றால் 2019–20 பருவம் பாதியில் நின்றது. அடுத்த பருவம் முழுவதும் மேற்கு வங்கத்திலேயே நடத்தப்பட்டதால் கோவையில் ஆட்டமே இல்லை. பாசெலிலும் இந்திய முதலீடு ரசிகர்களின் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதனை முன்னெடுத்த தலைவர் பெர்ன்ஹார்ட் புர்கெனர் 2021இல் தன் பங்குகளை டேவிட் தெகனிடம் ஒப்படைத்து வெளியேறினார். 2021–22 பருவத்துக்கான உரிம விதிகளைச் சென்னை சிட்டி நிறைவு செய்யவில்லை. அதன் இடத்தில் மும்பையின் கென்கிரே அணி சேர்க்கப்பட்டது.

குறை முழுவதையும் அமைப்பின் மேல் சுமத்துவது சரியன்று. உரிம விதிகள் எல்லாக் கழகங்களுக்கும் பொதுவானவை. மற்ற கழகங்கள் எப்படியோ தாக்குப்பிடித்தன. ஆயினும் வென்றும் ஏற வழியில்லாத ஒரு லீகில், ஒளிபரப்பும் பாதியாய்க் குறைந்த நிலையில், பணம் போடுபவர் எதை எதிர்பார்த்துப் போடுவார் என்ற கேள்வி எஞ்சுகிறது.

மார்ச் 9 அன்று ஆடிய மற்ற அணிகளின் பாதை வேறு. ஈஸ்ட் பெங்கால் 2020–21இல் முதலீட்டாளர் துணையோடு இந்தியன் சூப்பர் லீகில் நுழைந்தது. மினர்வா பஞ்சாப் கைமாறி, ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் என்று பெயர் பெற்று, 2022–23 ஐ-லீகை வென்றது. வெற்றியின் வழியாக மேல்நிலைக்கு ஏறிய முதல் அணி அதுவே; 2023–24 முதல் பஞ்சாப் எஃப்.சி. என்ற பெயரில் ஆடுகிறது.

கோவை அணியின் தமிழ் வீரர்கள் பலரும் தனித்தனியே அந்தப் படியை ஏறினர். எட்வின் 2019இலேயே சென்னையின் எஃப்.சி.யில் சேர்ந்தார். ரொமாரியோ 2020இல் கோவாவுக்கும், அஜித் குமார் அதே ஆண்டு பெங்களூருவுக்கும் சென்றனர்.